நொச்சித்திடல் ரூபாயைத் திருப்பிக் கொடுத்த கதை

பழைய நாணயம் சேர்க்கிறவர்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மிஞ்சிப்போனால் உங்கள் வீட்டுப் பரணில் ஏறுவார்கள், ஒட்டடையோடு இறங்குவார்கள், ஒரு செப்புக் காசைக் காட்டி ஒரு மணி நேரம் பேசுவார்கள். தப்பித்துவிடலாம். ஆனால் 'இந்த நாணயத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்' என்று ஒருவன் சைக்கிளில் ஏறினால், கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டு வழியாக ஓடிவிடுங்கள். நான் அப்படி ஏறியவன். ஓட வேண்டியவர்கள் ஓடவில்லை. அதுதான் விஷயம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வரலாற்றுப் பட்டம் வாங்கியிருந்தேன். வேலை இல்லை. (பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் இருந்த பகையை அப்பா தினமும் சாப்பாட்டு நேரத்தில் நினைவூட்டுவார்.) சீர்காழியில் வீட்டில் சும்மா கிடந்தவனை, "கொஞ்ச நாள் மாமா ஊர்ல இருந்துட்டு வா, காத்து மாறட்டும்" என்று அம்மா பெட்டி கட்டி அனுப்பினாள். மாமா ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே. மாமாவுக்கு நாலு வேலி நஞ்சை. அதில் பெரும்பகுதியைப் பதினொரு குடும்பங்கள் குத்தகைக்குச் செய்தன.

எழுபதுகளின் தொடக்கம். சூரியன் எல்லா ஊரிலும் உதிக்கும் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். டீக்கடைக்கு டீக்கடை இரண்டு கொடிகள் பறந்தன: ஒன்று கறுப்பு சிவப்பு, இன்னொன்று வெறும் சிவப்பு. குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. எழுதிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் எழுதுவதற்கு முன்னாலேயே வெளியேற்றிவிட வேண்டும் என்று சில மிராசுகள் அவசரப்பட்டார்கள். மாமா அவசரப்படவில்லை. தன் வேட்டிக் கரையை மட்டும் ஆளும் கட்சி நிறத்துக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தார். மாமா எதிலும் அவசரப்பட மாட்டார். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கல்லூரியில் நான் உருப்படியாகக் கற்றவை இரண்டு. ஒன்று, நாணயம். இரண்டு, மேடைப் பேச்சு. 'தம்பி எழுந்து நின்றால் தமிழ் எழுந்து நிற்கும்' என்று எங்கள் விடுதிச் செயலாளர் ஒருமுறை சொன்னார். (அன்று அவருக்குத் தேர்தல்.) நாணயச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்றிலும் சேர்ந்திருந்தேன். மாதம் ஒரு சுற்றிதழ் வரும், பதினாறு பக்கம். அதில் ஒரு கட்டுரை வந்தது: உண்மையான சேகரிப்பாளன் நாணயம் எந்தக் கைகளில் இருந்து எந்தக் கைகளுக்குப் போயிற்று என்று தேட வேண்டும்; தேடிப் பழைய உடைமையாளரின் குடும்பத்தைக் கண்டுபிடித்து அதை ஒப்படைத்தால், அதைவிடப் பெரிய புண்ணியம் கிடையாது. அனுபவங்களைப் படத்துடன் அனுப்பினால் பிரசுரிக்கப்படும். 'பிரசுரிக்கப்படும்' என்ற சொல்லை நான் அன்றைக்கு ஏழெட்டு முறை படித்தேன். புண்ணியத்தை ஒரு முறை.

மாமாவும் அவருடைய கணக்குப்பிள்ளையும் ஒரு வழக்குக்காகத் தஞ்சாவூர் போயிருந்த சமயம். பத்து நாள் ஆகும் என்று சொல்லிப் போயிருந்தார்கள். நான் பரணில் ஏறினேன். ஒட்டடை, உடைந்த மரக்கால், ஒரு பித்தளைச் செம்பு. செம்புக்குள் மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் பதினொரு வெள்ளி ரூபாய்கள். ராணி தலை சில, ராஜா தலை பல. ஒவ்வொன்றும் ஒரு துண்டு ஓலையில் சுற்றி நூலால் கட்டியிருந்தது. ஓலையில் எழுத்தாணிக் கீறலாக ஒரு நிலத்தின் பெயர்: ஆலடி, வடக்குப் படுகை, மூலைமா, நொச்சித்திடல்...

நொச்சித்திடல் ரூபாயின் மேல் விளிம்பில் ஒரு பற்றவைத்த தடம் இருந்தது. வளையம் வைத்து யாரோ கழுத்தில் போட்டிருந்து, பிறகு வளையத்தை எடுத்திருக்கிறார்கள். எனக்கு உடல் சிலிர்த்தது. வரலாற்றுப் பட்டதாரியின் மூளை இந்த மாதிரி நேரத்தில் எப்படி ஓடும் என்று சொல்கிறேன், கேளுங்கள். வெள்ளி ரூபாய். நிலத்தின் பெயர். கழுத்தில் இருந்த தடம். ஆகவே, ஏழைப் பெண்ணின் கழுத்திலிருந்து பறித்தது! என் தாய்மாமன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பதினொரு குடும்பங்களிடம் பறித்த காசு! கொடுமை! (அருமையான கட்டுரை!)

கீழே அத்தை, மாமாவின் மனைவி, அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, செம்பை எடுத்துட்டு வர்றீங்க?"

"காசெல்லாம் கறுத்துப்போயிருக்கு அத்தை. பாக்கணும்."

"புளியைப் போட்டுத் தேய்ங்க, பளபளன்னு ஆயிடும்."

பழைய நாணயத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது நாணயச் சேகரிப்பில் கொலைக்குச் சமம். அதை அத்தைக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அந்தக் கால் மணி நேரத்தில், 'இது என்ன காசு அத்தை?' என்ற நாலு சொல் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் இருந்திருக்காது. கேட்கவில்லை. ஆய்வாளன், ஆய்வுக்கு உட்பட்ட குடும்பத்திடமே சாட்சியம் கேட்கலாமா?

எந்த நிலத்தை யார் செய்கிறார்கள் என்று வாய்க்கால் மதகடியில் நின்று வருவோர் போவோரிடம் கேட்டே இரண்டு நாளில் பட்டியல் போட்டுவிட்டேன். முதல் ஒப்படைப்பு நொச்சித்திடலில்தான் என்று முடிவு செய்தேன். பற்றவைத்த தடம் படத்தில் நன்றாக விழும். நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிய பெட்டிக் கேமரா என்னிடம் இருந்தது.

நொச்சித்திடல் சாலையோரத்தில் கொஞ்சம் மேடான ஐந்து மா நிலம். ஏக்கர் கணக்கில் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அதைச் செய்தவர் தைலம்மை. நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண்ணைச் சீர்காழியில் கட்டிக்கொடுத்திருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்து எட்டு நாள். குறுவைக்கு நாற்றங்காலில் நாற்று விரல் உயரம் நின்றது. அவர் வரப்பில் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் சைக்கிளை நிறுத்தி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வரப்பிலேயே தொடங்கினேன்.

"தாயே! பண்ணையின் பரணிலே, பாழும் பானையிலே, படுத்துக் கிடந்த பாட்டாளியின் பணம், இன்று பாட்டாளியின் பாதம் தேடி வந்திருக்கிறது!"

தைலம்மை மண்வெட்டியைக் கீழே வைத்தார். யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்ற முகம்.

"என்னா தம்பி, பெரிய வீட்லயா? அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு..."

"உங்கள் ரூபாய்!" என்று ஓலையோடு எடுத்து நீட்டினேன்.

அவர் ரூபாயைப் பார்த்தார். வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எங்க மாமியார் கழுத்துல கெடந்தது" என்றார்.

"பறித்துவிட்டார்கள், இல்லையா?"

"பறிக்கலீங்க. நாங்கதான் வச்சோம். அன்னிக்கு எங்ககிட்ட வேற வெள்ளி ரூபா இல்ல. தம்பி, இதத் திருப்பிக் குடுத்தா என்னா அர்த்தம்னு ஐயா ஒங்களுக்கு..."

"அர்த்தமெல்லாம் அப்புறம்மா. வெயில் இறங்குது. முதல்ல போட்டோ."

இந்த வரியை நான் என் வாழ்நாளில் எத்தனை முறை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அர்த்தமெல்லாம் அப்புறம். முதல்ல போட்டோ. கல்லறையில் பொறிக்கலாம்.

படம் எடுத்தேன். பிறகு சீட்டு. உடைமை வரலாற்றுக்கு ஆவணம் வேண்டும் என்று சுற்றிதழில் போட்டிருந்தார்களே. முதல் நாள் உட்கார்ந்து, மாமா வீட்டுப் பழைய பத்திரங்களைப் பார்த்துக் கனமான சொற்களாகப் பொறுக்கி எழுதிவைத்திருந்தேன்: 'நொச்சித்திடல் நிலத்தின் பேரில் எங்கள் குடும்பத்தார் கொடுத்திருந்த வெள்ளி ரூபாய் ஒன்றை இன்று மனமுவந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். இனி இதன் பேரில் எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை.' 'பாத்தியதை' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். வாயில் போட்டால் வெல்லக்கட்டி மாதிரி இருக்கும். அதற்காகவே போட்டேன்.

"கட்டை விரலை இங்க வைங்கம்மா."

"வைக்கணுங்களா?"

"வைக்கணும்."

பெரிய வீட்டுப் பிள்ளை வைக்கச் சொன்னால் வைக்க வேண்டியதுதான். வைத்தார். ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்டிய வரப்பைப் பாதியில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நன்றி சொல்லக்கூட வாய் வராத நெகிழ்ச்சி என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் சீர்காழி போய்விட்டார். பெண்ணுக்கு நிறைமாசம், அதோடு என்ன செய்வது என்று மருமகனைக் கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்துக்கும் அவர் எதுவும் சொல்லவில்லை.

நான் நன்னிலம் போய்ப் படத்தைக் கழுவினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். கட்டுரை, படம், அசல் சீட்டு மூன்றையும் உறையில் வைத்து, பதிவுத் தபாலில் சங்கச் செயலாளருக்கு அனுப்பினேன். (நகல் எடுக்க அப்போது வசதி கிடையாது. இருந்திருந்தாலும் அசலைத்தான் அனுப்பியிருப்பேன். அவ்வளவு ஆசை.)

திங்கட்கிழமை காலை மீதிப் பத்து ரூபாய்களோடும் கிளம்பினேன். மத்தியானத்துக்குள் பத்தையும் கொடுத்து முடித்தேன். பத்துச் சீட்டு, ஒன்பது கைநாட்டு, ஒரு கையெழுத்து. எல்லா இடத்திலும் அதே பாட்டாளி, அதே பாதம். ஒரு பெண்மணி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று குறித்துக்கொண்டேன். ஒரு பெரியவர் அப்படியே நாற்றங்காலில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்தேன். கடைசியாக வடக்குப் படுகை மாரிமுத்து. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், சிவப்புக் கொடிச் சங்கத்தின் கிளைச் செயலாளர்.

"ஐயா சொல்லி அனுப்பிச்சாங்களா?" என்றார்.

"யாரும் சொல்லவில்லை. வரலாறு சொல்கிறது!"

"வரலாறுங்கறது யாரு, புதுக் கணக்குப்பிள்ளையா?"

கேலி என்று புரிந்தது. ஆனால் அவர் கண்ணில் சிரிப்பு இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார். கையெழுத்துப் போடுவேன் என்றார். போட்டார். நான் மகிழ்ந்தேன்.

நான் குளித்துவிட்டு இலையில் உட்கார்ந்த நேரம். வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால் பத்துப் பேரும் நிற்கிறார்கள். பின்னால் இன்னும் முப்பது பேர், இரண்டு சிவப்புக் கொடி. முன்னால் நின்ற பத்துப் பேர் கையிலும் வெற்றிலை பாக்கு. அதன் மேல் நான் காலையில் கொடுத்த ரூபாய்.

நெஞ்சு விம்மியது. பெற்றதை எனக்கே பரிசாகத் தரப் பார்க்கிறார்கள்! எவ்வளவு பெரிய மனசு! சோற்றுக் கையோடு ஓடினேன்.

"வேண்டாம், வேண்டாம்! இது உங்கள் உரிமை!"

"எங்களுக்கு வேணாங்க" என்றார் காலையில் நாற்றங்காலில் உட்கார்ந்த பெரியவர். "எடுத்துக்குங்க."

"முடியாது. இது உங்களுடையது!"

"ஒங்க கால்ல விழறேன், எடுத்துக்குங்க தம்பி."

அவர் நீட்ட நான் தள்ள, நான் தள்ள அவர் நீட்ட, ரூபாய் வெற்றிலையிலிருந்து வழுக்கி வாசல்படியில் விழுந்து உருண்டது. கூட்டம் முழுக்க 'ஐயோ' என்றது. மாரிமுத்து குனிந்து அதை எடுத்தார்.

"நீங்க பி.ஏ. படிச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க" என்றார். "என்னா படிச்சீங்க?"

"வரலாறு."

"இந்த ஊரு அதுல இல்லையா?"

பிறகு அவரே சொன்னார். வாசலில் நின்றபடி, நாற்பது பேர் கேட்க, நாலாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார். எங்கள் மாமா ஊர்ப் பக்கம் குத்தகைக்குப் பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பேச்சு முடிந்ததும் குத்தகைக்காரர் வெற்றிலை பாக்கின் மேல் ஒரு வெள்ளி ரூபாயை வைத்து நீட்டுவார். நிலத்துக்காரர் எடுத்துக்கொண்டால் நிலம் இவர் கைக்கு வந்துவிட்டது. அந்த ரூபாயை நிலத்துக்காரர் செலவழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. இவர் குடும்பம் நிலத்தில் இருக்கிற வரைக்கும் அது அவர் வீட்டில் இருக்கும். நிலத்தை விட்டு இறங்கு என்று யாரும் யாரையும் வாயால் சொல்வதில்லை. ரூபாய் திரும்பி வரும். அவ்வளவுதான்.

"இன்னிக்குக் காலையில ஒரு சைக்கிள்ல ஏறி, பத்துக் குடும்பத்தை நெலத்தை விட்டு எறக்கிட்டீங்க" என்றார் மாரிமுத்து. "ஒங்க மாமாவோட அப்பா காலத்துல கூட ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

காலையில் அழுத அந்தப் பெண்மணி கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் குறிப்பேட்டில் இருந்த 'ஆனந்தக் கண்ணீர்' ஞாபகம் வந்தது. சோறு கையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தை உள்ளேயிருந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பார்வைதான். பிறகு ஒவ்வொருவர் கையிலிருந்தும் வெற்றிலையையும் ரூபாயையும் இரண்டு கையாலும் வாங்கி அடுக்கினார். "போயி நாத்தைப் பாருங்க. ஐயா வந்தா நான் பேசிக்கறேன்" என்றார். நான் பத்துச் சீட்டையும் கொண்டுவந்து எல்லார் கண் முன்னாலும் கிழித்தேன். கைதட்டல் வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். (இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.) யாரும் தட்டவில்லை.

"பதினொண்ணாவது எங்க?" என்றார் மாரிமுத்து. "நொச்சித்திடல் அக்கா ரூபா?"

"அது... புதன்கிழமையே கொடுத்துட்டேன்."

"சீட்டு?"

"தபால்ல போயிடுச்சு. பத்திரிகைக்கு."

 கொடி கட்டியிருந்த மூங்கில் மட்டும் காற்றில் கிறீச்சென்றது.

"இன்னிக்கே ஒரு கார்டு போடுங்க" என்றார் மாரிமுத்து, குரலைத் தாழ்த்தி. "கட்டுரையைப் போடாதீங்க, சீட்டைத் திருப்பி அனுப்புங்கன்னு. இன்னிக்கே, என்னா?"

"இன்னிக்கே" என்றேன்.

எழுதினேன். அன்றைக்கே எழுதினேன். நாலு வரி, தெளிவான கையெழுத்து. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலாபீஸ் வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது, பதினாறு பக்கச் சுற்றிதழில் ஒன்பதாம் பக்கத்தில் என் பெயர் அச்சில் வருவது எப்படி இருக்கும் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு முறைதான். அதோடு, கட்டுரைதானே, ஊரில் யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று திரும்பினேன். நாளைக்கும் அப்படியே. அந்தச் சட்டை வெளுக்கப் போனது. கார்டு அதோடு போயிற்று. மடித்து வந்த சட்டைப் பையில் வெள்ளையாக ஒரு கூழ் இருந்தது.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. கார்டு போட்டேன், தபாலில் தொலைந்துவிட்டது என்றுதான் சொல்லி வந்தேன்.

மாமா தஞ்சாவூரிலிருந்து வந்தார். அத்தை எல்லாவற்றையும் சொன்னார். நான் அடிக்குத் தயாராக நின்றேன். மாமா செம்பில் ரூபாய்களை எண்ணினார்.

"பத்துதானே இருக்கு, மாப்ளே."

"ஒண்ணு தைலம்மைகிட்ட இருக்கு மாமா."

"சீட்டு எழுதி வாங்கினியாமே?"

"பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, என் தோளில் கை போட்டார்.

"போட்டோவோட வருமா?"

"வரும் மாமா."

"அதுக்குச் சந்தா எவ்வளவு?"

சந்தா கட்டினார். ஒரு பிரதி இல்லை, இரண்டு பிரதிக்குக் கட்டினார். என் எழுத்தைக் காசு கொடுத்து வாங்கிய முதல் வாசகர் என் மாமா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நொச்சித்திடல் சாலையோரம் இருக்கிறது, மேடாக இருக்கிறது, ரைஸ்மில் வைக்க அதைவிட நல்ல இடம் நாலு வேலியில் இல்லை என்பதெல்லாம் கண் கலங்கியவனுக்குத் தெரியாது.

தைலம்மை பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வெற்றிலை பாக்கின் மேல் ரூபாயை வைத்துக்கொண்டு மாமா வீட்டு வாசலில் நின்றார். மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்டேருந்து போகலியே ரூபா. குடுத்தவன்கிட்டப் போய்க் குடு."

அத்தை தாம்பாளத்தோடு நடைவரை வந்தார். மாமா திரும்பிப் பார்த்தார். அத்தை அங்கேயே நின்றுவிட்டார். மறுநாள் நொச்சித்திடலில் மாமாவின் ஏர் இறங்கியது. விரல் உயரம் நின்ற நாற்று, முழம் உயரம் வளர்ந்து, நட ஆளில்லாமல் நாற்றங்காலிலேயே மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

மாரிமுத்து அவரை அழைத்துப் போய்க் குத்தகைப் பதிவுக்கு மனுப் போட வைத்தார். விசாரணை நன்னிலத்தில். மாமா தரப்பு வக்கீல் காட்டிய ஆவணங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, நாணயச் சங்கச் செயலாளருக்கு மாமா மிக மரியாதையாகக் கடிதம் எழுதித் திரும்ப வாங்கிய அசல் சீட்டு. இரண்டு, சுற்றிதழின் ஒன்பதாம் பக்கம்: என் பெயர், என் கட்டுரை, மூன்று அங்குலப் படம். படத்தில் தைலம்மை கையில் ரூபாயோடு, கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்கிறார். என் முதல் பிரசுரம் விசாரணை மேசை மேல் கிடந்தது. அதன் மேல் நீலப் பென்சிலில் எண் போட்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் நான் சாட்சி சொல்லப் போனேன். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தேன். வக்கீல் என்னிடம் ஒத்திகையில் வராத கேள்வியைக் கேட்டார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"'பண்ணையோடு தமக்கிருந்த பந்தம் முடிந்ததென்று முகம் மலர்ந்து, மனமுவந்து, அந்த மாதரசி நாணயத்தைப் பெற்றுக்கொண்டார்.' இதுவும் நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"முகம் மலர்ந்தாரா?"

"இல்லீங்க."

"மனமுவந்து வாங்கினாரா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"அது... நடைக்காக."

விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தார். "எதுக்காக?"

"எழுத்து நடைக்காகங்க, சார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. வக்கீல் சிரித்தார், குமாஸ்தா சிரித்தார், வாசலில் நின்ற பியூன் சிரித்தார். அதிகாரி சிரிக்காமல் 'நடைக்காக' என்று எழுதிக்கொண்டார். கட்டை விரல் ரேகை யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையதுதான் என்றார் தைலம்மை. தீர்ப்பு வர ஒரு மாதம் ஆயிற்று. அது என்ன தீர்ப்பு என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணை முடிந்து நான் பஸ்நிலையத்தில் நின்றேன். தைலம்மை பெட்டிக்கடையில் ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார். நேராக என்னிடம் வந்தார். கையில் இரண்டு கொழுந்து வெற்றிலை, கொட்டைப் பாக்கு, அதன் மேல் பற்றவைத்த தடத்தோடு அந்த ரூபாய். இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கையால் ஒருவர் நீட்டினால் இரண்டு கையால் வாங்கத்தான் எனக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாங்கிவிட்டேன்.

"வாங்கிட்டீங்க" என்றார் தைலம்மை. "இனிமே நீங்கதான் எனக்கு நெலம் காட்டணும்."

குரலில் கோபம் இல்லை. கிண்டலா என்று பார்த்தேன், அதுவும் தெரியவில்லை. சீர்காழி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பெண் வீட்டோடு இருந்துவிட்டார், திரும்பி வரவில்லை.

நொச்சித்திடலில் ரைஸ்மில் வந்தது. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாமாவின் மகன் என்னைப் புது மாப்பிள்ளையிடம் இழுத்துக்கொண்டு போவான். "இவரைத் தெரியும்ல? நாங்கள்லாம் உழுதும் சம்பாதிக்கல. இவரு எழுதியே அஞ்சு மா சம்பாதிச்சவரு!" பந்தி முழுக்கச் சிரிக்கும். ஐம்பது வருஷமாக அதே நகைச்சுவை, அதே சிரிப்பு. நானும் சிரிப்பேன். யாராவது எனக்குச் சில்லறை கொடுக்க வந்தால், "அய்யய்யோ, அவர் கையில காசு குடுக்காதீங்க, திருப்பிக் குடுத்துடுவாரு" என்று இன்னொருவர் தொடங்குவார்.

நாணயச் சேகரிப்பை அன்றோடு விட்டேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு ரூபாய். எந்தக் கழுத்தில் கிடந்தது, யார் வளையத்தை எடுத்தது, எந்தச் செம்பில் இருந்தது, எந்தப் பஸ்நிலையத்தில் கைமாறியது என்று அதன் முழு வரலாறும் எனக்குத் தெரியும். சங்கத்தில் எவரிடமும் இவ்வளவு துல்லியமான வரலாறுள்ள நாணயம் இருக்காது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியாது. கொடுத்தால் என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

சீர்காழியில் தைலம்மையின் பெண் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது போவேன். தைலம்மை இருந்தவரை, வாசலில் என் தலையைக் கண்டதும் முதலில் கேட்பது, "என்னா தம்பி, நெலம் பாத்தாச்சா?" வீடே சிரிக்கும். அவர் போன பிறகு அவர் பெண் கேட்க ஆரம்பித்தார். போன மாசம் போனபோது, நான் சைக்கிளில் ஏறிய வாரத்தில் பிறந்த அந்தப் பேத்தி கதவைத் திறந்தார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. உள்ளே திரும்பி, "அம்மா, நெலத்துக்காரர் வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, என்னிடம் சிரிக்காமல் கேட்டார்:

"பாத்தாச்சுங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.